கலைச்சொல் விவாதம்: காணொலிக் கூட்டத்தில் ‘கேட்வே’, நுழைவாயில் என்ற சொல் போதுமா?

வணக்கம்.

காணொலிக் கூட்ட கேட்வேக்கான (கூட்ட அறையில் உள்ள காணொலிக் கருவிகளைக் கூட்ட வழங்கியோடு இணைக்கும் கருவி) நிறுவல் கையேட்டையும் திரைச் சரங்களையும் (திரையில் தோன்றும் சொற்றொடர்கள்) தமிழாக்கும்போது எழுந்த சிக்கல் இது. ‘கேட்வே’ வரும் இடமெல்லாம் ‘நுழைவாயில்’ என்று போட்டிருக்கிறோம். அமைவுத் திரையில் மூன்று வரிகள் அடுத்தடுத்து இப்படி நிற்கின்றன:

இயல்புநிலை நுழைவாயில்
நுழைவாயில் காப்போன் முகவரி
நுழைவாயில் முன்னொட்டு

மூன்றும் வெவ்வேறு பொருள்கள். முதலாவது திசைவியின் (ரௌட்டர்) ஐபி முகவரி; வேறு வலைக்குப் போகும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) அதனிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது ஹெச்.323 (காணொலி அழைப்புக்கான ஒரு நெறிமுறை) வலையில் கருவிகளைப் பதிந்து, எண்ணை முகவரியாக்கி, அலைவரிசை (பேண்ட்வித்) மிச்சம் இருந்தால் அழைப்புக்கு அனுமதி தரும் வழங்கி (சர்வர்). யூடிபி போர்ட் 1719இல் பேசும். மூன்றாவதுதான் நம் கருவியைச் சேர்ந்தது. முன்னொட்டு 88 என்றால், அறைக் கருவியிலிருந்து 88உம் கூட்ட எண்ணும் சேர்த்து அழுத்தினால் அந்த அழைப்பு நம் கருவிக்கு வரும்.

கையேட்டின் தீயரண் (ஃபயர்வால்) பகுதியில் நான்காவது ஒன்றும் இருக்கிறது: “செயலி அடுக்கு நுழைவாயிலை முடக்கவும்.” தீயரணுக்குள் அழைப்புச் செய்திகளைத் திறந்து முகவரிகளைத் திருத்தும் வசதியை அணைக்கச் சொல்கிற வரி அது. தமிழில் மட்டும் படிப்பவர், இவ்வளவு நேரம் நிறுவிய கருவியையே அணைக்கச் சொல்கிறார்கள் என்று கொள்வார். கொண்டால் தவறு அவருடையதல்ல.

இந்தக் குழப்பத்தால் பழுது எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவியில் இரண்டு பிணைய அட்டைகள் உண்டு. ஒன்று அறைக் கருவிகள் இருக்கும் உள்வலைக்கு, மற்றது கூட்ட வழங்கி இருக்கும் வெளிப்பக்கத்துக்கு. இயல்புநிலை நுழைவாயில் வெளிப்பக்க அட்டையில் மட்டும்தான் இருக்க வேண்டும். உள்வலைகளுக்கு ஒவ்வொன்றாக நிலைவழி (கையால் எழுதும் நிலையான பாதை) எழுத வேண்டும், எடுத்துக்காட்டாக 10.20.0.0/16க்குப் போக 10.20.1.1. திரையில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று இரண்டாவது அட்டைக்கும் நுழைவாயில் கொடுத்துவிட்டால், அறைக்குப் போக வேண்டிய பதில் பொதிகள் வெளிப்பக்கமாகப் போய்விடக்கூடும். இணைப்புகளின் நிலையை நினைவில் வைக்கும் தீயரண் அவற்றைத் தள்ளிவிடும். கருவி இருக்கும் அதே உள்வலையிலிருந்து சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும், அடுத்த கட்டிடத்து அறையிலிருந்து அழைத்தால்தான் படமும் ஒலியும் வராமல் போகும். இதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

ஆகவே ‘நுழைவாயில்’ திசைவி முகவரிக்கு மட்டும் இருக்கட்டும். இயங்குதளங்களில் அது அந்தப் பொருளில் ஊன்றிவிட்டது. நம் கருவி செய்வது ஒரு நெறிமுறையில் வந்ததை இன்னொரு நெறிமுறையில் சொல்வது: ஒரு பக்கம் ஹெச்.323, மறுபக்கம் எஸ்ஐபி என்ற இன்னொரு அழைப்பு நெறிமுறை. மொழிபெயர்ப்பு என்ற சொல்லின் வழியிலேயே அதை நெறிபெயர்ப்பி எனலாம் என்பது என் முன்மொழிவு.

—

மறு: கலைச்சொல் விவாதம்

> ஆகவே ‘நுழைவாயில்’ திசைவி முகவரிக்கு மட்டும் இருக்கட்டும்.

உடன்படுகிறேன்.

> நெறிபெயர்ப்பி எனலாம்

இதில் ஒரு தயக்கம். இந்தக் கருவி நெறிமுறையை மட்டும் மாற்றுவதில்லை. அறைக் கருவி ஜி.722 என்ற குறியாக்கத்தில் ஒலி அனுப்பும். கூட்ட வழங்கி ஓபஸ் என்ற குறியாக்கத்தைக் கேட்கும். படம் இரு பக்கமும் ஹெச்.264 குறியாக்கமாக இருந்து, அதன் வகையும் (புரொஃபைல்) ஒத்துப்போனால் அப்படியே கடத்திவிடலாம். அறைக் கருவி உயர்வகையில் அனுப்ப, மறுபக்கம் அடிப்படை வகையை மட்டும் ஏற்றால், ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம்) அவிழ்த்து மறுபடி குறியாக்க வேண்டும். செயலியின் சுமை பெரும்பாலும் அங்கேதான். ‘நெறி’ என்றால் வாங்குபவர் இந்தச் சுமையை எண்ணாமல் சிறிய வழங்கியை வாங்கிவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

இன்னொன்று, ஜி.722 ஒலியை நொடிக்கு 16,000 முறை மாதிரி எடுத்தாலும் ஆர்டிபியில் (ஒலி, படப் பொதிகளைக் கடத்தும் நெறிமுறை) அதன் நேரமுத்திரைக் கடிகாரம் 8000 என்றே இருக்கும். பழைய வரையறையில் நேர்ந்த பிழை, ஒத்திசைவுக்காக அப்படியே விடப்பட்டது. அதை 16000 என்று ‘திருத்தி’ எழுதினால் ஒலி தடுமாறும். கையேட்டில் இந்த எண்ணை யாரும் சரிசெய்துவிட வேண்டாம்.

‘நெறிபெயர்ப்பி’க்கு மாற்றாக எண்ணத்தக்க சொற்களைப் பற்றி: ‘மாற்றுவாயில்’ என்றால் முதல் வாயில் பழுதானால் பயன்படுத்தும் மாற்று என்று பொருள்படும், காப்புக் கருவி அமைக்கும் அத்தியாயத்தில் இடறும். ‘ஊடக நுழைவாயில்’ என்றால் பத்திரிகை, தொலைக்காட்சி நினைவு வரும். ‘துபாஷி’ எனக்குப் பிடித்த சொல். புதுச்சேரியிலும் சென்னையிலும் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசியவர்களின் பெயர் அது, இந்தக் கருவியின் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. ஆனால் ஆளைக் குறிக்கும் சொல். இன்றைய தொழில்நுட்பர் பலருக்கு விளக்கினால்தான் புரியும். திரைச் சரத்துக்கு விளக்கம் எழுத இடம் கிடையாது.

—

மறு: மறு: கலைச்சொல் விவாதம்

> ‘நெறி’ என்றால் வாங்குபவர் இந்தச் சுமையை எண்ணாமல்

நியாயமான கவலை. அதற்குத் தனிச் சொல் கொடுப்பதே வழி. ஒரு கோடெக்கிலிருந்து (ஒலி, படக் குறியாக்க முறை) இன்னொன்றுக்கு மாற்றுவதைக் குறிபெயர்ப்பு என்போம். தீயரணில் உள் முகவரியை வெளி முகவரியாக்குவதை முகவரிபெயர்ப்பு என்போம். மூன்றும் ஒரே குடும்பச் சொற்கள், ஆனால் முன்பகுதி எது பெயர்க்கப்படுகிறது என்று காட்டிவிடும். கையேட்டில் இப்படி எழுதலாம்: “நெறிபெயர்ப்பி 20 அழைப்புகளைத் தாங்கும், குறிபெயர்ப்புத் தேவைப்பட்டால் எண்ணிக்கை குறையும்.” எவ்வளவு குறையும் என்பது செயலியைப் பொறுத்தது, அதை அந்தந்த வழங்கியில் அளந்துதான் போட வேண்டும்.

தீயரணுக்குள் இருப்பதை ‘வாயில்’ வாடையே இல்லாமல் அழைப்புச்செய்தித் திருத்தி என்று எழுதினேன். சோதித்த வாக்கியம்: “தீயரணின் அழைப்புச்செய்தித் திருத்தியை முடக்கவும். இயங்கினால் எஸ்ஐபி அழைப்பு இணைந்து 32 நொடியில் அறுந்துவிடலாம்.” அது ஏன் 32 என்பதையும் அடுத்த வரியில் சேர்க்க விரும்புகிறேன். திருத்தி தொடர்பு முகவரியைத் தவறாக மாற்றினால் இறுதி ஒப்புகை வந்து சேராது. காத்திருப்பு அடிப்படை நேரமான அரை நொடியின் 64 மடங்கு வரை பார்த்துவிட்டு வழங்கி இணைப்பை விட்டுவிடும். காரணம் தெரிந்தவர் அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்தே பழுதைச் சொல்வார்.

போர்ட் அட்டவணையிலும் சொல் மாற்றம் வருகிறது. உள்பக்கம் யூடிபி 1719, டிசிபி 1720, அதோடு ஹெச்.245க்கான (ஹெச்.323 அழைப்பின் கட்டுப்பாட்டுச் செய்திகள்) டிசிபி வரம்பு. வெளிப்பக்கம் டிசிபி 5061, சான்றிதழோடு. ஊடகத்துக்கு ஓர் அழைப்புக்கு ஒரு பக்கத்தில் 8 யூடிபி போர்ட்: ஒலி 2, படம் 2, திரைப்பகிர்வு 2, எதிர்முனைக் கேமராக் கட்டுப்பாடு 2. 20 அழைப்பு என்றால் பக்கத்துக்கு 160. சிலர் ஒலிக்கும் படத்துக்கும் மட்டும் கணக்கிட்டு 80 திறக்கிறார்கள். சோதனையில் பழுதே தெரியாது. கூட்டம் நிறைந்து யாராவது திரையைப் பகிரும்போதுதான் அழைப்புகள் ஊமையாகும்.

நுழைவாயில் காப்போனுக்கு என் பரிந்துரை அழைப்பு அனுமதிப்பி. அதன் பதிவேட்டில் வரும் அலைவரிசை எண்ணுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். அது 100 பிட் அலகில், இரு திசையையும் கூட்டிச் சொல்லும். 1024 கிலோபிட் அழைப்புக்கு 20480 என்று தெரிந்தால் சரிதான். இதை 20 மெகாபிட் என்று படித்து உச்சவரம்பை உயர்த்துபவர்கள் உண்டு. கம்பியில் உண்மையாகப் போவது, பொதித் தலைப்புகளையும் சேர்த்தால், திசைக்கு ஏறத்தாழ 1.2 மெகாபிட்.

ஒரே ஒரு சரத்துக்கு இன்னும் சொல் வேண்டும். புதியவர் கூட்டத்தில் சேரும்போது கூட்ட வழங்கி ஆர்டிசிபி (ஆர்டிபியோடு செல்லும் கட்டுப்பாட்டு நெறிமுறை) வழியாக ஒரு முழுப் படத்தைக் கேட்கும். நெறிபெயர்ப்பி அந்தக் கேள்வியை ஹெச்.245 செய்தியாக்கி அறைக் கருவியிடம் கொடுக்க வேண்டும். இந்த வசதி அணைந்திருந்தால் ஒலி வரும், படம் மட்டும் கருப்பாகவோ கட்டம் கட்டமாகவோ நிற்கும். இப்போதைக்கு ‘முழுச்சட்டக் கோரிக்கை’ என்று போட்டிருக்கிறேன். ‘சட்டம்’ என்பது விதியைக் குறிக்குமோ என்று ஐயம். ‘முழுப்படக் கோரிக்கை’ என்றால் திரைப்படம் என்று ஆகிவிடுகிறது. படத்தொகுப்புத் துறையில் இருப்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். மற்ற சொற்களைச் சரக்கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.