ஃபிளைபேக்குக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ஹற்றன், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் தொழிற்பயிற்சி வகுப்பு எடுப்பது, ஊர்ப் பெயரில் எழுதுகிற நம் மடற்குழுவில் பழையவர்களுக்குத் தெரியும். நுவரெலியாவில் சீசனுக்குக் காசு போட்டு விளையாடுகிற மெஷின் ஒன்று, மூடிப்போன கடையின் பின்னறையில் கிடந்தது. அதைப் பிள்ளைகள் பழகுவதற்காகக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்க மொனிட்டர், 19 அங்குலப் படக்குழாய். பேக்-மேன் வருடக்கணக்காக ஓடியதில், கரண்ட் இல்லாமலே அந்தக் கோட்டைச் சுவர்களின் நிழல் கண்ணாடிக்குள் தெரிகிறது.

ஃபியூஸ் போகிறது. லைன் அவுட்புட் திரான்சிற்றர் ஷோட். புதியது போட்டேன், பத்து செக்கனில் அதுவும் போய்விட்டது. படக்குழாய்க்கு உயர் வோல்ற்று எழுப்புகிற டிரான்ஸ்போமர்தான் ஃபிளைபேக். அதன் உட்சுற்றுகள் ஒட்டிவிட்டன என்று நினைக்கிறேன். அது இருக்கட்டும். வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கொள்ளளவி, தடையி, இருவாயி எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. ஃபிளைபேக்குக்கு ஒன்றும் இல்லை. "மீள்பறப்பு நிலைமாற்றி" என்று எழுதினேன். ஒரு பிள்ளை, "சேர், அது எங்கே பறக்கும்?" என்று கேட்டான். பதில் வரவில்லை.

கோத்தகிரி

தம்பி, முதலில் "நிலைமாற்றி"யை விடுங்கள். இங்கே மின்மாற்றி என்றால்தான் புரியும். கொள்ளளவியும் அப்படித்தான், எங்களுக்கு மின்தேக்கி. நான் ஹட்டனை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறி ஐம்பது வருடம் ஆகிறது. இப்போது உங்கள் மடல்களைப் படிக்கவே அகராதி தேவைப்படுகிறது.

பதுளை

அண்ணன், கையேடு ஹற்றன் பிள்ளைகளுக்கு. பரீட்சையில் அவர்கள் எழுதப்போவது நிலைமாற்றி. அதோடு, அது மாற்றுவது வோல்ற்றளவை. மின் எதுவாகவும் மாறுவதில்லை.

பேராதனை

"பறப்பு" தேவையற்ற சுமை. இலத்திரன் கற்றை திரையின் வலது ஓரம் வரை போய், சட்டென்று இடது ஓரத்துக்கு மீள்கிறது. பொருள் முழுவதும் "மீள்" என்ற அடியிலேயே இருக்கிறது. எனவே வினைமுதல் விகுதி சேர்த்து "மீளி" என்போம். பழைய சொல், வலியவன், தலைவன் என்ற பொருளும் உண்டு. இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் எழுப்புகிறவனை வலியவன் என்பதில் என்ன தவறு? மீளிமை என்றொரு பண்புப்பெயரும்...

(மீளிமை பற்றி இன்னும் நான்கு பத்தி. வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஹற்றன்)

பண்டாரவளை

நான் கணித டீச்சர், இலத்திரனியல் தெரியாது. ஆனால் சேர் சொன்னதைக் கேட்டதும் அம்மா ஞாபகம் வந்தது. மலையில் கொழுந்து பறிக்கப் போனால் ஆளுக்கு ஒரு நிரை. நிரை பிடித்துப் பறித்துக்கொண்டே போவார்கள், முடிந்தால் சும்மா நடந்து அடுத்த நிரையின் தலைக்கு வருவார்கள். திரும்பி வரும்போது கை வேலை செய்யாது. திரையிலும் கற்றை கோடு கோடாகத்தானே போகிறது? ஒவ்வொரு கோட்டையும் "நிரை" என்றால் என்ன? கணிதத்தில் மேற்றிக்ஸ் என்கிற தாயத்தில் நிரை, நிரல் என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள்.

பேராதனை

டீச்சர், கும்பிடுகிறேன்! புறப்பாடல்களில் மாட்டு மந்தையான ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. "நிரைமீட்பு நிலைமாற்றி"! மீளியைத் திரும்பப் பெறுகிறேன்.

பதுளை

கொழுந்து நிரை மலையில் மேலே ஏறும், திரையில் கோடு கீழே இறங்கும். ஒப்பு பாதிதான் சரி. மாட்டைக் கொண்டுவந்து கட்டியதும் மீதிப் பாதியும் போச்சு. மீட்டல் பிறவினை. கற்றை தானே திரும்புகிறது, அதனால் "நிரைமீள்" என்றுதான் வரும்.

பேராதனை

தானாகவா திரும்புகிறது? திரான்சிற்றர் பாதையை அறுத்ததும், வளைக்கும் சுருளில் ஓடிய மின்னோட்டம் நிற்க இடமில்லாமல் கொள்ளளவிக்குள் பாய்ந்து எதிர்த்திசையில் துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் கற்றையை இடப்பக்கம் இழுக்கிறது, அதே துள்ளலைத்தான் இந்த நிலைமாற்றி பெருக்குகிறது. ஒருவர் இழுத்து வந்தால் அது மீட்பு, ஐயா.

பதுளை

அப்படியானால் மாட்டை மீட்பது சுருள். நிலைமாற்றிக்கு ஏன் பட்டம்?

நுவரெலியா

நான் முப்பது வருடமாக டிவி திருத்துகிறவன். கரந்தை எனக்குத் தெரியாது, கீரைக் கட்டு மாதிரி இருக்கிறது. கடையில் ஃபிளைபேக் என்று கேட்டால்தான் சாமான் வரும்.

ஹற்றன் தம்பி, பெயர் வைப்பதற்கு முன் இதைக் கையேட்டில் எழுது. படக்குழாயே ஒரு பெரிய கொள்ளளவி. பிளக்கைக் கழற்றின பிறகும் அதற்குள் சார்ஜ் நிற்கும். குழாயின் வெளிப்பக்கம் ஓடுகிற பின்னல் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை ஸ்குரூ டிரைவரில் கட்டி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, உயர் வோல்ற்று வயர் குழாய்க்குள் போகிற ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்துத் தொடு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் தொடு. அந்தக் காலத்து மொனிட்டர் பலதில் சேசிஸே நேராக மெயினில் நிற்கும். நம்முடைய 230 வோல்ற்றைக் குறைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரே சுற்றுள்ள ஓட்டோ டிரான்ஸ்போமரும் உதவாது. சுற்று பிரிந்த ஐசோலேஷன் டிரான்ஸ்போமர் வேண்டும்.

ஃபியூஸ் இடத்தில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டிருந்தால் உன் இரண்டாவது திரான்சிற்றர் பிழைத்திருக்கும். பல்பு பளீரென்று எரிந்தால் ஷோட் இன்னும் இருக்கிறது, கையை எடு. வீங்கின கொள்ளளவி எல்லாவற்றையும் மாற்று. சரியான பிறகும் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு வந்தால் அது மேல்-கீழ்ப் பகுதியின் கோளாறு. உடனே வெளிச்சத்தைக் குறை, இல்லாவிட்டால் அந்தக் கோடும் பேக்-மேன் மாதிரி கண்ணாடியில் நின்றுவிடும்.

இன்னொன்று. கொழும்பில் சத்தமில்லாமல் ஓடின செட் இங்கே வந்து "டிக் டிக்" என்று பொறி விடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் இருப்பது 1,800 மீற்றருக்கு மேலே. காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பொறி சுலபமாகப் பாயும். பனியும் தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொப்பியைச் சுற்றித் துடைத்துக் காயவிடு.

கோத்தகிரி

அருமை அண்ணே. அப்படியே, படக்குழாயில் ஏறிய காந்தத்தை எடுக்கிற டீகாஸுக்கும் ஒரு சொல் பார்ப்போமா? காந்தநீக்கம்?

(இதற்குப் பதினொரு பதில்கள். காந்தம் வடசொல்லா, "காந்து" என்பதிலிருந்து வந்ததா என்று. காந்தநீக்கம் என்றே போட்டுவிட்டேன். ஹற்றன்)

ஹற்றன், வியாழன் இரவு

நாளை காலை அச்சு. எண்ணிப் பார்த்ததில் நிரைமீள் நிலைமாற்றிக்கு நான்கு பேர், ஃபிளைபேக்கை அப்படியே விடச் சொன்னவர்கள் மூன்று பேர், நிரைமீட்புக்கு ஒருவர். கோத்தகிரி அண்ணன் எதற்கும் கை தூக்கவில்லை. கையேட்டில் "நிரைமீள் நிலைமாற்றி, கடையில் ஃபிளைபேக் என்று கேட்கவும்" என்று போகிறது. சார்ஜ் இறக்குவது முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில். கேள்வி கேட்ட பிள்ளையிடம் காட்டினேன். "கொழுந்து நிரையா சேர்?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

பேராதனை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பிறவினையை நான் கைவிடவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது பார்ப்போம்.

நுவரெலியா

சரி, பெயர் வைத்தாச்சு. சாமான் கிடைத்ததா?

ஹற்றன்

இன்னும் இல்லை அண்ணே. பழைய ஃபிளைபேக்கின் மேலே உள்ள நம்பரைப் படமெடுத்து அனுப்புகிறேன். பாதி அழிந்திருக்கிறது.