மொத்த வியாபாரிக்கு நேரடியாக மீன் கொடுக்க என்னென்ன பதிவுகள் வேண்டும்?

தங்குகடல்:
இதுவரை ஏலத்தில் விட்ட மீனை இனி மொத்த வியாபாரிக்கு நேரடியாகக் கொடுக்கப் போகிறோம். ஒரே படகு, 3–4 நாள் தங்கி வருவது. சூரை, சீலா, கணவாய், சில சமயம் சிப்பி. எடைச்சீட்டும் பில்லும் மட்டும் போதாது, பிடித்த இடம் முதல் எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும் என்கிறார்கள். எதை எழுதணும், எவ்வளவு நாள் வைத்திருக்கணும்?

எடைத்தட்டு:
முதலில் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். பல நாடுகளில் வாங்குபவரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும், அவருடைய எண்ணும் விற்பனைச் சீட்டில் வர வேண்டும். படிவம் நாட்டுக்கு நாடு மாறும். சோதிப்பவர் பார்ப்பது மட்டும் எங்கேயும் ஒன்றுதான்: கடலில் எழுதியதும், கரையில் எடை போட்டதும், பில்லில் போட்டதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா?

கடலில், ஒவ்வொரு பாட்டுக்கும் (ஒருமுறை வலையோ தூண்டிலோ போட்டு எடுப்பது ஒரு பாடு) தேதி, நேரம், அட்சரேகை தீர்க்கரேகை, வலையா தூண்டிலா, இனவாரியாக உத்தேச எடை, திரும்பக் கடலில் விட்டது எவ்வளவு என்று எழுதுங்கள். அன்றன்றைக்கே எழுதணும். கரைக்கு வந்து மொத்தமாக எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி வட்ட எண்ணாக இருக்கும். பார்த்தவுடனே சந்தேகம் வரும். உத்தேச எடைக்கும் நிறுத்த எடைக்கும் வித்தியாசம் இருக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக இனத்துக்கு 10 சதவீதம்.

"சூரை" என்று மட்டும் போடாதீர்கள். மஞ்சள் துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் குட்டியாக இருக்கும்போது அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், கணக்கு புரளுவது பெரும்பாலும் அங்கேதான். உணவு வேளாண்மை அமைப்பின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சேர்த்து எழுதினால் குழப்பம் இல்லை: மஞ்சள் துடுப்புக்கு ஒய்எஃப்டி, பெருங்கண்ணுக்கு பிஇடி.

அடுத்தது எடை. ஐஸ் நீரை வடியவிட்டு நிறுங்கள். காலிப் பெட்டியின் எடையை அன்றைக்கே ஈரத்தோடு எடுத்துக் கழியுங்கள். மீன் முழுசா, குடல் எடுத்ததா, தலை எடுத்ததா என்பதைக் கட்டாயம் குறிப்பிடணும். குடல் எடுத்த 440 கிலோவுக்கு மாற்று எண் (முழு மீன் எடையாக மாற்றப் பெருக்கும் எண்) 1.1 என்றால் முழு எடை 484 கிலோ. குறிப்பேட்டில் 484, பில்லில் 440, மாற்று எண்ணோ எங்கும் இல்லை என்றால், 44 கிலோவை ஒளித்து விற்றதாகத்தான் தெரியும்.

பயணக் கடைசியில் இருப்புக் கணக்கு ஒன்று போடுங்கள். இறக்கியது 620 என்றால்: ஒரு வியாபாரிக்கு 400, இன்னொருவருக்கு 150, ஐஸ் அறையில் 50, வீட்டுக்கு 12, கழிவு 8. வீட்டுக்கு எடுத்ததையும் கழிவையும் எழுத மறப்பவர்கள்தான் அதிகம்.

ஐஸ்பெட்டி:
மேலே சொன்னது எடைக்கணக்கு. சூரைக்கு வெப்பநிலைப் பதிவும் அதே அளவுக்கு முக்கியம். பிடித்த சூரை சூடாகக் கிடந்தால் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். ஒருமுறை உண்டானால் சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. பார்வையிலும் வாசனையிலும் தெரியாமலும் இருக்கலாம். அதனால் பதிவுதான் முக்கியமான சாட்சி.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: காற்றோ நீரோ 28.3 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மீன் செத்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் ஐஸில் இருக்கணும். இரண்டும் அதற்குள் இருந்தால் 9 மணி நேரம். செத்து 24 மணி நேரம் கடந்து ஒப்படைக்கும் மீனின் உள்வெப்பம் 4.4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஆகவே நீர், காற்று வெப்பம், மீன் ஏறிய நேரம், ஐஸ் போட்ட நேரம், இறக்கும்போது தடித்த சதையில் குத்திப் பார்த்த வெப்பம் எல்லாம் வேண்டும். தூண்டிலில் வந்த மீன் எப்போது செத்தது என்று தெரியாது. தூண்டில் இறக்கிய நேரத்திலிருந்தே கணக்கிட்டால் பத்திரம். வெப்பமானியைப் பொடித்த ஐஸும் நீரும் கலந்த கலவையில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்து, அதையும் தேதியோடு எழுதுங்கள்.

தங்குகடல்:
நன்றி அண்ணே. முந்தின பயணத்து மீன் கொஞ்சம் மிச்சமிருந்து புதுசோடு ஒரே பெட்டியில் போனால்?

எடைத்தட்டு:
கூடுமானவரை கலக்காதீர்கள். கலந்தே ஆகணும் என்றால் புது லாட் எண் (ஒரு தொகுதி மீனுக்கான அடையாள எண்) கொடுத்து, எந்த லாட்டிலிருந்து எத்தனை கிலோ என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு ஒரு பெட்டியில் ஹிஸ்டமின் வந்தால் இரண்டு பயணத்து மீனையும் திரும்ப வாங்க வேண்டிவரும், அதை யோசித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பேரேடு:
எத்தனை நாள் வைப்பது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் நாட்டு விதியையும் வாங்குபவரின் சந்தையையும் பார்த்து, எது நீளமோ அதை எடுங்கள். அமெரிக்க கடலுணவு விதியில் பதப்படுத்துபவர் குளிர்ந்த மீனுக்கு 1 ஆண்டும் உறைந்ததற்கு 2 ஆண்டும் வைக்கணும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம், அங்கே இறக்குமதியாளர் 3 ஆண்டு வைத்திருப்பார். உங்கள் பிரதியையும் அதுவரை வைத்திருங்கள்.

சிப்பியைத் தனிக் கணக்காக நடத்துங்கள். பைக்குப் பை அட்டை: எடுத்தவர் எண், எடுத்த பகுதி, தேதி. அந்தப் பகுதி அன்று அறுவடைக்குத் திறந்திருந்ததா என்பதற்கும் எழுத்து வேண்டும். அமெரிக்காவில் பை காலியான நாளிலிருந்து 90 நாள் அட்டையை வைத்திருக்கணும்.

தப்பாக எழுதினால் ஒரு கோடு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை தடவினால் அந்தப் பக்கம் முழுக்கச் செல்லாமல் போகலாம்.