துப்பாக்கி உரிமம்: என் பெயர், முகவரியை ஆர்டிஐயில் கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபிக்கலாமா?

வரப்போரம் (கேள்வி):

வணக்கம். அப்பா வைத்திருந்த 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவர் காலமான பிறகு முறைப்படி என் பெயரில் உரிமம் வாங்கிக்கொண்டேன். தோட்டத்துக்குள் தனி வீடு. சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது.

நேற்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு தபால். மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் எல்லாருடைய பெயர், முகவரி, ஆயுத வகை, உரிமம் தந்த காரணம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். நான் ‘மூன்றாம் தரப்பினர்’ என்பதால் 10 நாளுக்குள் என் கருத்தைச் சொல்ல வேண்டுமாம். கேட்டவர் யார் என்று கடிதத்தில் இல்லை.

பதில் போடாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களா? பங்காளியோடு வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் மனசு என்னென்னவோ நினைக்கிறது. துப்பாக்கியையே ஒப்படைத்துவிடுங்கள் என்கிறாள் மனைவி.

மனுக்கட்டு:

ஊர்ப் பெயரைப் போடாமல் விட்டீர்களே, அதுவரை நல்லது. துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் இங்கே எழுதிவிடாதீர்கள்.

அந்தத் தபால் உறையைத் தூக்கிப் போட வேண்டாம். பிரிவு 11-ன்படி, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் 10 நாள் கணக்கு. பதில் போடாமல் இருப்பது சம்மதம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பொதுத் தகவல் அலுவலர் (ஆர்டிஐ மனுவுக்குப் பதில் தரும் அதிகாரி) உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுவார். நீங்கள் ஆட்சேபித்தாலும் முடிவு அவருடையதுதான். மனு வந்த நாளிலிருந்து 40 நாளுக்குள் அவர் உத்தரவு போட வேண்டும். தருவதாக முடிவு செய்தால், உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம்.

கேட்டவர் யார் என்று தேடாதீர்கள். எதற்குக் கேட்கிறேன் என்று அவர் காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). உங்கள் பங்காளியாகவே இருந்தாலும் கேட்க உரிமை உண்டு.

கிழக்குவாசல்:

எல்லாரும் மறைப்பதற்கே வழி சொல்வீர்கள் போல. நான் மறுபக்கம் பேசுகிறேன். அதே சட்டத்தின் பிரிவு 4(1)(b)(xiii), அரசு யார் யாருக்குச் சலுகை, அனுமதி, அங்கீகாரம் தந்தது என்ற விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. துப்பாக்கி உரிமம் அனுமதி இல்லையா?

ஜம்மு காஷ்மீரில் நடந்ததைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேல் உரிமம் கொடுக்கப்பட்டதாக சிபிஐ சொன்னது. காசு வாங்கிக்கொண்டு வெளியாட்களுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. முகவரியோடு பட்டியல் வெளியே இருந்திருந்தால், ‘இப்படி ஓர் ஆள் எங்கள் தெருவில் கிடையாதே’ என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

மனுக்கட்டு:

கிழக்குவாசல் சார், சரியான கேள்வி. ஆனால் அதே சட்டத்தில் 8(1)(g)-யும் இருக்கிறது, ஒருவரின் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் தகவலை மறுக்கலாம் என்று. அப்புறம் 8(1)(j). முன்பு அதில், பொது நலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்ற வாசகம் உள்ளேயே இருந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டிவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. என்னைப் போல மனு போடுகிறவர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல்தான், வரப்போரத்துக்கு இன்றைக்கு உதவுகிறது என்பது வேறு விஷயம். பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, பொது நலன் பெரிது என்று பட்டால் அலுவலர் தரலாம்.

பனிக்காற்று:

நான் நியூயார்க் பக்கம் இருக்கிறேன். இங்கே இது பெரிய ரகளையாகவே நடந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. அடுத்த சில நாளில் தி ஜர்னல் நியூஸ் என்ற பத்திரிகை, வெஸ்ட்செஸ்டர், ராக்லேண்ட் மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் போட்டுவிட்டது. அன்றைய சட்டப்படி அது பொதுப் பதிவேடுதான், திருடியது எதுவும் இல்லை. பக்கத்து பட்னம் மாவட்டம் பட்டியலைத் தர மறுத்தது.

நீள் துப்பாக்கிக்கு (ரைபிள், ஷாட்கன்) அங்கே உரிமம் தேவைப்படாததால் அந்த ஆட்கள் வரைபடத்திலேயே இல்லை. உரிமம் இருந்ததால் மட்டும் அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றும் ஆகாது. ஆக திருடன் பார்த்தாலும் பயந்த மனிதன் பார்த்தாலும் அரைகுறைத் தகவல். 2013 ஜனவரியில் சட்டம் திருத்தி, போலீஸ்காரர், சாட்சி, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர், உயிருக்குப் பயப்படுகிறவர் ஆகியோர் படிவம் கொடுத்துத் தம் விவரத்தை மறைக்கச் சொல்லலாம் என்று வைத்தார்கள். பத்திரிகையும் வரைபடத்தை எடுத்துவிட்டது.

2022 ஜூனில் கலிபோர்னியாவில் யாரும் கேட்காமலே தகவல் வெளியே போனது. மாநில நீதித்துறை வெளியிட்ட புள்ளிவிவரத் தளத்தின் பின்னாலிருந்து, துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் விவரம் கசிந்தது.

வரப்போரம்:

நன்றி. ஒன்று யோசித்தேன். தேர்தல் வந்தால் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, வண்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். அப்போதெல்லாம் வராத பயம், மாவட்டம் முழுக்க முகவரியோடு ஒரே தாளில் வந்து வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று நினைத்தால் வருகிறது. இதை எப்படி எழுதுவது?

மனுக்கட்டு:

இப்போது சொன்னதையே எழுதுங்கள், தம்பி. ‘ஆட்சேபிக்கிறேன்’ என்ற ஒற்றை வரி போதாது. தனி வீடு, துப்பாக்கிக்காகவே திருட்டு நடக்கலாம், நிலுவையில் வழக்கு இருக்கிறது, ஆகவே 8(1)(g), 8(1)(j) என்று காரணத்தோடு எழுதுங்கள். கீழே இதையும் சேருங்கள்: பிரிவு 10-ன்படி பெயர், முகவரியை நீக்கிவிட்டு வட்டவாரியாக எண்ணிக்கை, ஆயுத வகை, உரிமம் தந்த காரணம் ஆகியவற்றைத் தர எனக்கு ஆட்சேபம் இல்லை. கிழக்குவாசல் சார் கேட்பதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். உரிமத்தின் நகலை இணைக்க வேண்டாம், எண் போதும். பட்டுவாடாச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

கிழக்குவாசல்:

பாதிதான். போலி முகவரியை எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. ஆனாலும் தனி வீட்டுக்காரர் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

வரப்போரம் (ஒன்றரை மாதம் கழித்து):

உத்தரவு வந்துவிட்டது. பெயர், முகவரி மறுப்பு. வட்டவாரி எண்ணிக்கையும் ஆயுத வகையும் மனுதாரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் இத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று எனக்கே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மனைவி இன்னும் ஒப்படைக்கத்தான் சொல்கிறாள். மனுதாரர் மேலே போனால் என்ன ஆகும்?

மனுக்கட்டு:

தகவல் ஆணையம் வரை போனால் உங்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், 19(4). அந்த உறை இன்னும் இருக்கிறதா?