திருகோணமலையில் இருந்து ஒரு இளம் பெண் அமைச்சரவை வரை போக எது வழி?

உப்புவெளி நிலா:
27 வயது, சட்டம் படித்தவர், இப்போது பிரதேச சபை உறுப்பினர். அடுத்த பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அமைச்சரவை வரை போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சபையில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருந்தது, பாராளுமன்றத்தில் எப்படி? கட்சியிடம் முதலில் எதைப் பேச வேண்டும்?

கிண்ணியா வாசகன்:
பாராளுமன்றத்துக்கு ஒதுக்கீடே இல்லை, தங்கச்சி. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களோடு நின்றுவிட்டது. அதனால்தான் 225 பேரில் பெண்கள் இன்னும் 10 வீதத்தைத் தொடவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு ஆசனம் 4. ஒன்று அதிக வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ். மிச்சம் 3ஐத்தான் 5 வீதம் தாண்டிய கட்சிகள் பங்குபோடும். பட்டியலிலோ 7 பேர். கட்சிக்கு ஒரு ஆசனம்தான் என்றால் விருப்பு வாக்கில் (பட்டியலில் உள்ள ஒருவருக்கென்று தனியாகப் போடும் வாக்கு) முதலாவதாக வந்தே ஆகவேண்டும். ஆகவே உண்மையான போட்டி சொந்தப் பட்டியலுக்குள்ளேதான்.

2024இல் வென்ற தமிழ்ப் பெண்களைப் பாருங்கள். சரோஜா சாவித்திரி போல்ராஜ் மாத்தறையில், கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவில், அம்பிகா சாமுவேல் பதுளையில். அவர்களுடைய கட்சியான தேசிய மக்கள் சக்தி அங்கே முறையே 7இல் 6, 8இல் 5, 9இல் 6 ஆசனம் எடுத்தது. திருகோணமலையில் அதே கட்சி வென்றும் கிடைத்தது 2தான். திறமை குறைவு என்று யாரும் சொல்ல வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூதூர் முனை:
வாக்குச்சீட்டு விளக்கத்தை வீடு வீடாகச் சொல்லவேண்டும். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு விருப்பு இலக்கம், ஆகக் கூடியது 3. நான்கு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி வாக்கு எண்ணப்படும், அவருடைய விருப்பு வாக்கு வீண். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டே செல்லாது. நகரத்தில் மட்டும் நின்றுவிடாமல் மூதூர், சேருவில தொகுதிகளிலும் அவருடைய இலக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

வேட்புமனுவில் ஒருவருடைய சம்மதக் கையெழுத்து விடுபட்டாலும், 7 பேருக்குக் குறைந்தாலும் முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கொண்டுபோக முன் அவரே ஒருமுறை சரிபார்க்கட்டும். முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்கவேண்டும் (2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம்). தோற்றவருக்கும் இது கட்டாயம். முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோணேசர் வீதி:
கட்சியிடம் முதலில் தேசியப்பட்டியலைப் பேசுங்கள். நாடு முழுவதும் எடுத்த வாக்குக்கு ஏற்பக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆசனங்கள் அவை. மொத்தம் 29 ஆசனம், அந்தப் பட்டியலும் வேட்புமனுக் காலத்திலேயே கொடுக்கப்படும். வென்ற பிறகு கேட்டால் இழுபறிதான். 2024இல் பிரதமரான ஹரிணி அமரசூரிய 2020இல் தேசியப்பட்டியலில்தான் உள்ளே வந்தார். 2024இல் கொழும்பில் நின்று 655,289 விருப்பு வாக்கு எடுத்தார்.

அமைச்சரவைக்கு உச்சவரம்பு 30. இராஜாங்க, பிரதி அமைச்சர்கள் சேர்ந்து 40. இவர்கள் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்காரும் அமைச்சர்கள் அல்ல. அரசாங்கத்தில் சேராத கட்சியில் நின்றுகொண்டு அமைச்சுப் பதவியை எதிர்பார்க்க முடியாது. தமிழரசுக் கட்சி சேர்ந்த காலமும் உண்டு: 1965இல் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். கோணேசர் ஆலயச் சூழலைப் புனித பிரதேசமாக்கும் விடயத்தில் பிரதமரோடு முரண்பட்டு 1968இல் விலகினார். எந்தக் கட்சி என்பதை அவர் இப்போதே முடிவுசெய்யட்டும். பிறகு கட்சி நீக்கினால் ஆசனமும் போகும்; உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம்.