புதுப்பிப்பு: சேலம் கொண்டலாம்பட்டியில் நாலுவழிச் சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய்

ஆழம் 1.2 மீட்டர் போதுமா என்ற கேள்விக்குப் போன பதிவில் ‘போதும்’ என்றிருந்தேன். அது பாதிப் பதில்தான்.

குடிநீர்க் குழாயை உள்ளே வைத்துக் காக்கும் வெளிக்குழாயான உறைக்குழாயின் மேல்முதுகு சாலை மட்டத்துக்கு 1.2 மீட்டர் கீழே இருப்பதோடு, ஓரத்து வடிகாலின் அடிமட்டத்துக்கும் 0.3 மீட்டர் கீழே இருக்க வேண்டும். வடிகால் சாலையைவிட 1.1 மீட்டர் பள்ளம் என்றால் தேவையான ஆழம் 1.4 மீட்டர் ஆகிவிடும். வரைபடத்தில் வடிகாலையே காட்டாமல் கொடுப்பவர்கள்தான் அதிகம். அனுமதி கேட்டுப் போன கோப்பு திரும்பி வருவதும் அதனால்தான்.

குழாய் செங்குத்தாகக் கடக்கட்டும். உறையின் இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள்.

ஓரத்துக் குழியில் குழாயின் இரு பக்கமும் நிரப்பும் மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, 95 சதவீத பிராக்டர் அடர்த்திக்கு (அதாவது ஆய்வகச் சோதனையில் அந்த மண் எட்டும் உச்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதத்துக்கு) இடிக்க வேண்டும். ஜேசிபியில் ஒரே தள்ளாகத் தள்ளினால் முதல் மழைக்கே மண் உள்வாங்கும். பிறகு அனுமதிக்காகக் கட்டிய வைப்புத்தொகையை மறந்துவிடலாம்.