அறை டிவிக்கு எந்த ஸ்டிக்? ஞாயிறுக்குள் சொல்லுங்கள்

சல்லிக்கடல் | வியாழன் இரவு 9.40
அறையில் இருக்கிற டிவிக்கு, பின்னால் செருகி இன்டர்நெட்டில் யூடியூப் எல்லாம் பார்க்கிற ஸ்டிக் ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது? மாமா கனடாவில் இருந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பிளைட். அதற்குள் சொன்னால்தான் வாங்கிக்கொண்டு வருவார். எடுத்தால் 4கே (மிகத் தெளிவான படம் தருகிற வகை) தான் எடுக்க வேண்டும் என்று டவுனில் கடைக்காரர் சொன்னார். கெதியாகச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பொடியன் | 9.52
என்ன டிவி? எத்தனை இஞ்சி? வீட்டில் ஃபைபரா, சிம் போடுகிற ரவுட்டரா? என்ன பார்க்கப் போகிறீர்கள்? காலைக் காட்டாமல் செருப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது அண்ணா.

நிலாவெளி அக்கா | 10.05
கனடாவில் இருந்து என்றால் அமேசனின் ஃபயர் ஸ்டிக். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நாங்கள் மூன்று வருடமாகப் பாவிக்கிறோம். ஆனால் பழைய லைட் மொடல் வேண்டாம், அதன் ரிமோட்டில் டிவியின் சத்தம் கூட்டிக் குறைக்கிற பட்டன் இல்லை. படுத்துக்கொண்டு இரண்டு ரிமோட் தேட ஏலாது.

கிண்ணியா நானா | 10.11
ஸ்டிக் எல்லாம் எதற்கு? ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று எடுங்கள் தம்பி. எல்லாச் சேனலும் சும்மா வரும், மாதக் காசு இல்லை.

மின்வாரியப் பெரியவர் | 10.30
இந்தக் கேள்வி எத்தனையாவது தடவை வருகிறது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கிற பழக்கம் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. சரி, தெரியாதவர்களுக்காக மறுபடி ஒரு தடவை.

சும்மா எல்லாச் சேனலும் வருகிற பெட்டிகளைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்க எஃப்.பி.ஐ பகிரங்கமாகவே எச்சரித்தது. அந்த வைரஸ் பிடித்த பெட்டிகளின் வலைக்குப் பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர். பெட்டி உங்கள் கைக்கு வரும்போதே வைரஸ் உள்ளே இருக்கலாம். உங்கள் இன்டர்நெட்டை வேறு யாரோ களவு வேலைக்குப் பாவிப்பான். நீங்கள் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதோடு அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு நெட்ஃபிளிக்ஸின் அங்கீகாரம் இருக்காது. ஆப் திறந்தாலும் படம் 480 தான், மங்கலாகத்தான் வரும்.

கிண்ணியா நானா | 10.41
என் பெட்டியில் இது வரைக்கும் ஒரு வைரஸும் இல்லை.

மின்வாரியப் பெரியவர் | 10.44
அது உங்களிடம் சொல்லிவிட்டு வராது.

சல்லிக்கடல் | வெள்ளி காலை 6.20
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. டிவி 32, ஸ்மார்ட் இல்லை. ஏழெட்டு வருடம் இருக்கும். பின்னால் ஸ்டிக் செருகுகிற எச்டிஎம்ஐ துளை இரண்டு. ஒன்றில் டிஷ் பெட்டி, மற்றது பச்சை பிடித்திருக்கிறது. யூஎஸ்பி ஒன்று இருக்கிறது, ஸ்டிக்குக்கு அதிலேயே கரண்ட் எடுக்கலாம்தானே? சிம் ரவுட்டர், ஹோலில் இருக்கிறது.

பாலையூற்றுப் பொடியன் | 7.02
இப்போது கதைக்கலாம். 32 இஞ்சி என்றால் திரையில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள்தான். 4கே படம் போட்டாலும் உங்கள் திரையில் அதைக் காட்ட இடமில்லை. அந்தக் கடைக்காரர் விற்கச் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். ஆனால், வேடிக்கை என்னவென்றால், நானும் 4கே ஸ்டிக் எடுக்கத்தான் சொல்வேன். படத்துக்காக அல்ல, ராமுக்காக (ஸ்டிக் வேலை செய்யப் பாவிக்கிற மெமரி). ஷாவோமியின் முதல் எம்ஐ டிவி ஸ்டிக்கில் 1 ஜிபி ராம், 4கே மொடலில் 2 ஜிபி. ஒரு ஜிபியில் யூடியூபில் இருந்து வெளியே வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

யூஎஸ்பியில் மட்டும் போடாதீர்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 துளையின் கணக்கு அரை ஆம்பியர்தான், இந்த ஸ்டிக்குகள் ஒரு ஆம்பியராவது கேட்கும். என்னிடம் இருந்த ஒன்றை (பெயர் வேண்டாம்) அப்படிப் போட்டுத்தான் ஒரு மாதம் அழுதேன். லோகோ வரும், மெனு வரும், பாட்டின் பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது கறுப்பு. திரும்பவும் லோகோ. ஸ்டிக் பழுது என்று கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடுகிறது! வீட்டுக்கு வந்தால் லோகோ. கடைசியில் தங்கச்சியின் போன் சார்ஜரில் செருகினேன், அன்றோடு சரி.

உவர்மலைக் காற்று | 7.30
பச்சை பிடித்த துளையைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்று. பூச்சுக்குக் கீழே செம்பு அரித்துத்தான் அந்தப் பச்சை வருகிறது.

திருக்கடலூரான் | 7.48
உப்புக்காற்று உப்புக்காற்று என்று எதற்கெடுத்தாலும் ஒரு கதை. எங்கள் வீட்டில் இருந்து கடல் முப்பது அடி. பன்னிரண்டு வருட டிவி இன்றைக்கும் ஓடுகிறது. சாமானின் தரம்தான் காரணம்.

உவர்மலைக் காற்று | 7.55
உங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

திருக்கடலூரான் | 8.03
பார்த்தேன். அது வேறு விசயம்.

நிலாவெளி அக்கா | 8.10
யன்னல் கிரில்லைப் பற்றியும் கேளுங்கள் 😄 எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ட். துளைக்குப் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போகும், அப்பா ரேடியோவுக்கு அப்படித்தான் செய்வார்.

மின்வாரியப் பெரியவர் | 8.14
தயவுசெய்து யாரும் மின்சாதனத்துக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியை இழுக்கும், பிறகு அந்தத் தூசி ஈரத்தைப் பிடிக்கும். ஐசோபுரோபைல் அல்கஹோல், சின்னத் தூரிகை, டிவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு. காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். இதுவும் முன்பே எழுதியிருக்கிறேன்.

திருக்கடலூரான் | 8.20
உப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. பகலெல்லாம் கதவைத் திறந்து வைத்தால் பிடிக்காது, பூட்டிய அறையில்தான் பிடிக்கும் என்கிறேன்.

உவர்மலைக் காற்று | 8.22
கதவைத் திறந்தால்தானே காற்று உள்ளே வரும்?

(இதற்குக் கீழே ஃபிரிஜ், கிரில், மோட்டார் சைக்கிள் சைலன்சர் பற்றிப் பதினேழு பதில்கள். வேண்டியவர்கள் திறந்து படியுங்கள்.)

டொக்யார்ட் வீதி | மதியம் 12.15
ரவுட்டரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. சிம் ரவுட்டர் என்றால் டேட்டாக் கணக்கு முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்கின்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், 4கேயில் 7 வரை. நடுத்தரத்துக்கு இறக்கினால் 0.7 தான். 32 இஞ்சியில் கட்டிலில் இருந்து பார்க்கும்போது வித்தியாசமே தெரியாது. அப்புறம், ஹோலில் இருந்து அறைக்கு எத்தனை சுவர்? 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கல்லுச் சுவரைத் தாண்டச் சோர்ந்துபோகும், 2.4இல் இணையுங்கள். ஸ்டிக்கை நேரே டிவியின் முதுகில் ஒட்டவைக்காமல், ஃபயர் ஸ்டிக் பெட்டியில் வருகிற சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் வெளியே தொங்கவிட்டால் வைஃபை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

சல்லிக்கடல் | பிற்பகல் 2.50
பார்க்கப் போவது நான் இல்லை. அம்மம்மா. யூடியூபில் தேவாரம், பழைய பாட்டு, அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸ் எங்களிடம் இல்லை.

பாலையூற்றுப் பொடியன் | 2.58
இதை முதலே சொல்லியிருக்கலாமே!!

நிலாவெளி அக்கா | 3.05
அப்படியென்றால் முதலில் ரிமோட்டைப் பாருங்கள் தம்பி. பட்டன் குறைவாக, பெரிதாக, டிவியையும் அதிலேயே போட்டு நிறுத்தக்கூடியதாக. அம்மம்மாவை எழுத்துத் தட்டித் தேடச் சொன்னால் ஒரு கிழமையில் கைவிட்டுவிடுவா. உங்கள் போனில் யூடியூபைத் திறந்து, அவ கேட்பதைத் தமிழில் தேடி, டிவிக்கு அனுப்புங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் போதும். நாலைந்து நாள் போக, பார்த்ததெல்லாம் முகப்பிலேயே வந்து நிற்கும், அவவே அமத்துவா.

டொக்யார்ட் வீதி | 3.12
ஃபயர் ஸ்டிக் என்றால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: எந்தப் பெயரில் பதியப் போகிறார்? அமேசன் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆப்கள் தெரியும். அவருடைய கணக்கில் பதிந்துவிட்டுத் திரும்பிப் போனால், பிறகு கடவுச்சொல்லுக்கு நடுச்சாமத்தில் டொரொன்டோவுக்குக் கோல் எடுக்க வேண்டும். சார்ஜர் தட்டைப் பின்னோடு வரும், மேலே 100-240 என்று அச்சடித்திருந்தால் நம் 230 வோல்ட்டுக்குப் பயமில்லை, பின்னை மட்டும் மாற்றும் பிளக் போதும். கூகுளின் இதே மாதிரிச் சாமான் குரோம்காஸ்ட், அதைத் தேடி அலைய வேண்டாம், 2024இல் கூகுள் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது.

கிண்ணியா நானா | 3.20
அம்மம்மாவுக்கு என்றால் நானும் ஸ்டிக் தான் சொல்வேன். என் பெட்டியில் மெனு ஒரு காடு. ஒரு புளூடூத் ஹெட்போனும் சேர்த்துக் கொடுங்கள், வயதானவர்கள் சத்தம் கூட்டி வைப்பார்கள்.

மின்வாரியப் பெரியவர் | 3.33
இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பாலையூற்றுப் பொடியன் | 3.35
எங்கே சொன்னீர்கள் ஐயா?

சல்லிக்கடல் | அடுத்த புதன் இரவு 8.15
மாமா வந்துவிட்டார். பச்சைத் துளையைத் துடைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. டிஷ்ஷைக் கழற்றிவிட்டு அதில் போட்டோம். கரண்ட் சுவர் பிளக்கில். நன்றாக ஓடுகிறது. அம்மம்மா விடியற்காலை நாலு மணிக்குத் தேவாரம் போடுகிறா, ஹெட்போன் காது வலிக்கிறதாம், வேண்டாம் என்கிறா. வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. எல்லோருக்கும் நன்றி.

பாலையூற்றுப் பொடியன் | 8.19
சந்தோசம் அண்ணா. கடைசியில் எந்த ஸ்டிக் எடுத்தீர்கள்?

கிண்ணியா நானா | 8.40
ஓம், எது வந்தது?

பாலையூற்றுப் பொடியன் | இரண்டு கிழமைக்குப் பிறகு
அண்ணா?