ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தேவையோ?

நல்லூர்ப் பெற்றார்: பத்து வயதுப் பிள்ளையளுக்கு இலங்கை முழுக்க ஒரே பரீட்சை வேணுமோ? எழுதாட்டி ஆறாம் ஆண்டுக்கு இடமில்லையோ?

பழைய வாத்தியார்: இடம் இருக்கு. பள்ளிக்கூடத்தில ஆறாம் வகுப்பு இருந்தால் அங்கேயே தொடரலாம். வசதி குறைஞ்ச பிள்ளையளுக்கு உதவிப்பணம் குடுக்க இது நல்லது. பெரிய பள்ளிக்கூடங்களுக்கு ஆள் பொறுக்கிறதும் இதாலதான். அதுதான் இவ்வளவு அடிபாடு.

கணக்கு ரீச்சர்: பரீட்சையின்ர முதலாம் பகுதி 40 பல்தேர்வு, ஒரு மணித்தியாலம். கேள்விக்கு 90 செக்கன். ஒரு கோலக் கேள்வியில (வடிவ ஒழுங்கு கண்டுபிடிக்கிறது) மாட்டுப்பட்டு நாலு நிமிசம் போனால் கடைசிக் கேள்வியள் வெறுமை. தெரியாததை விட்டிட்டுப் போகப் பழக்குங்கோ. ரியூசன் மனப்பாடம் இங்க உதவாது.

பழைய வாத்தியார்: வெட்டுப்புள்ளியும், அதுதான் தெரிவாக எடுக்கவேண்டிய ஆகக்குறைஞ்ச புள்ளியும், மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு (படிக்கிற மொழிக்கு) மொழிமூலம் மாறும். கொழும்புப் பிள்ளையின்ர புள்ளியோட ஒப்பிட்டு ஏசாதேங்கோ.